குரவை வட்டமும் பண்ணின் பிறப்பும்

நாலாயிர திவ்யப்பிரபந்தத்தின் பழம்பதிப்பொன்றைக் கையிலெடுத்துத் திருவாய்மொழியை விரிக்கும் அன்பர்கள், பதிகத்தின் தலைப்பில் சிறிய எழுத்தில் அச்சிட்ட வரியொன்றைக் காண்பர். முதிர்ந்த குறிஞ்சி, இந்தளம், நாட்டம் என்றாற்போல ஒரு பண்ணின் பெயர் அதில் இருக்கும். அதனையடுத்து ஏழொத்து, ஒன்பதொத்து, நடையொத்து என்றாற்போல ஒரு தாளத்தின் பெயரும் இருக்கும். பாசுரத்தை நாடிச் செல்லும் கண் அவ்வரியில் தங்குவதில்லை. பொருள் விளங்காத பெயர் எனப் பலரும் அதனைக் கடந்து போகின்றனர். ஆழ்வார்களின் அருளிச்செயல் ஒரு காலத்தில் எவ்வாறு ஒலித்தது என்பதற்கு ஏட்டில் எஞ்சி நிற்கும் சான்று அவ்வொரு வரியே ஆகும்.

வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள், யாத்திரையாக வந்த பாகவதர் சிலர் திருக்குடந்தைப் பெருமான்மீது ஒரு பதிகம் பாடக் கேட்டார். ஆயிரத்துள் இப்பத்து என்று அதன் முடிவில் வருவதை உற்று நோக்கி, எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்றார். ஆங்கே கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு ஓதி, நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் பெற்றார். குருபரம்பரை கூறும் இவ்வரலாற்றை அறியாத வைணவர் இலர். ஆனால் அதன் பிற்பகுதி அத்துணை பேசப்படுவதில்லை. பெற்ற பாசுரங்களை அவர் இயலென்றும் இசையென்றும் பகுத்தார். இசைக்குரியவற்றைப் பண்ணிலும் தாளத்திலும் அமைத்துத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தார். தேவகானம் என்று அவ்விசைக்குப் பெயர். கிடைத்தற்கரிய நூல் கிடைத்தபின் அதனை ஏட்டில் எழுதிவைத்தாலே போதும் என்று அவ்வாசாரியர் எண்ணவில்லை. பாடத் தெரிந்த இருவரிடம் ஒப்படைத்தாலன்றி நூல் முழுமையாகக் கிடைத்ததாகாது என்பது அவர் திருவுள்ளம் போலும்.

அவ்வழியில் வந்தோர் அரையர். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை ஆகிய தலங்களில் கூம்பிய குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, இன்றும் அரையர் ஸேவை நடைபெறுகிறது. ஏனைய இடங்களிற் பெரும்பாலும் கோஷ்டியாக நின்று ஸேவிக்கும் முறையே உள்ளது. அஃது இரண்டு மூன்று சுரங்களுக்குள் ஏறி இறங்கும் ஓதுமுறை; பண்ணிசை அன்று. ஆக, பதிகத்தின் தலைப்பில் உள்ள பெயர்கள், வீட்டுக்காரர் வெளியூர் சென்றபின் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகை போல் நிற்கின்றன. அப்பெயர்களுக்குப் பொருள் யாது? பண் என்பது எவ்வாறு பிறக்கிறது? ஏழு சுரங்களை அறிந்தவர் அதனைக் கற்றவர் ஆவாரா? இவ்வினாக்களுக்கு விடை காணத் திருமாலின் திருநாமத்தையே சுரத்திற்கு இட்டு வழங்கிய ஒரு பழந்தமிழ்ப் பகுதி துணை செய்கிறது.

மாதரி அமைத்த வட்டம்

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையே அது. கோவலன் சிலம்பு விற்க மதுரை நகருக்குள் சென்றுவிட்டான். ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது. ஆவின் கழுத்து மணி அறுந்து வீழ்கிறது. வரவிருக்கும் துயர் இன்னதென்று எவருக்கும் தெரியவில்லை. அந்நிலையில் இடையர் முதுமகள் மாதரி, ஆயர்பாடியில் மாயவன் தன் தமையனோடும் பின்னையோடும் ஆடிய குரவையை நாமும் ஆடுவோம், கன்றும் பசுவும் துயர் நீங்கும் என்கிறாள். கூத்தும் பாட்டும் ஈண்டுப் பொழுதுபோக்கு அல்ல. அஞ்சிய நெஞ்சங்கள் பற்றிக்கொண்ட புகல் ஆகும்.

கன்னியர் எழுவர் வட்டமாக நிறுத்தப்படுகின்றனர். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று முறையே பெயரிடுகிறாள் மாதரி. இவையே இன்று ச, ரி, க, ம, ப, த, நி என வழங்கும் ஏழு சுரங்கள். பின்னர் அவள் குரலை மாயவன் என்றாள். இளியை வெண்ணிறத்தோனாகிய பலராமன் என்றாள். துத்தத்தை நப்பின்னை என்றாள். மாயவன் அருகே பின்னையும் தாரமும் நிற்க, பலராமன் அருகே உழையும் விளரியும் நிற்க, பின்னைக்கு அப்பால் கைக்கிளை நிற்கிறாள். வட்டத்தில் எழுவரை நிறுத்திப் பார்ப்போர்க்கு இவ்வமைப்பில் பிழையொன்றும் தோன்றாது. இசையின் அடிப்படைப் பாடம் கோபியர் கைகோத்து நின்ற கோலத்திலேயே அடங்கிவிட்டது.

அடுத்து வருவது இன்னும் நுட்பமானது. பாட்டைத் தொடங்குமிடத்தில் இளங்கோவடிகள் குரலை மந்தமாகவும், இளியைச் சமமாகவும், துத்தத்தை வலிவாகவும் கொள்ளும்படி சொல்கிறார். அதன்பின் விளரியை மந்தத்தில் பிடிக்கச் சொல்கிறார். சுரங்களை ச, ரி, க, ம என்று படிவரிசையில் சொல்லாமல், ச, ப, ரி, த என்று தாண்டித் தாண்டிச் சொன்னதன் காரணம் என்ன? சொல் அலங்காரத்திற்காக வரிசையை மாற்றினார் என்று கருதுவோர் உண்டேல், அவர் ஒரு தந்தியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்க.

தந்தி கூறும் சான்று

தொண்ணூறு சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தி ஒன்றை இறுக்கிக் கட்டி மீட்டினால் எழும் ஒலியைக் குரல் என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக, அதாவது 60 சென்டிமீட்டராகக் குறைத்து மீட்டினால் இளி எழும். குரலோடு முழுமையாக இணங்கும் ஒலி அது. தம்புராவில் ப-வும் ச-வும் சேர்ந்து ஒலிக்கையில் இரண்டும் கலந்து ஒன்றானாற்போல் காதில் விழுவதை எவரும் உணரலாம். மீண்டும் மூன்றில் இரண்டு பங்காக 40 சென்டிமீட்டர் ஆக்கினால் மேல் தாயியின் துத்தம் பிறக்கும். குரல் மந்தம், இளி சமம், துத்தம் வலிவு என்று இளங்கோவடிகள் சொன்ன மூன்று நிலையும் இம்மூன்று நீளங்களில் அப்படியே அமைகின்றன. துத்தத்தைக் கீழ்த் தாயிக்குக் கொணர நீளத்தை இரட்டித்து 80 சென்டிமீட்டர் ஆக்கவேண்டும். அதன் மூன்றில் இரண்டு 53.3 சென்டிமீட்டர், அது விளரி. குரலின் தாயியிலேயே அது அமைந்துவிடுவதால் விளரி மந்தம் என்ற சொல்லும் பொருந்துகிறது. விளரியிலிருந்து மீண்டும் அம்முறையே சென்று நீளத்தை இரட்டித்தால் 71.1 சென்டிமீட்டரில் கைக்கிளை கிடைக்கும்.

இப்போது ஐந்து சுரங்கள் கையில் உள்ளன. நீளவாரியாக அடுக்கினால் 90, 80, 71.1, 60, 53.3. பாடிப் பார்த்தால் ச ரி க ப த. அதுவே இன்றைய மோகனம். ஆய்ச்சியர் பாடிய முல்லைத் தீம்பாணி மோகனமே என்று டாக்டர் எஸ். இராமநாதன் முதலிய இசையறிஞர் கொண்டனர். கருணாமிர்த சாகரம் இயற்றி 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும், 1947-இல் அரங்கேறிய யாழ்நூலின் ஆசிரியர் விபுலாநந்த அடிகளும் பழந்தமிழிசையின் சுரங்களை இவ்வாறே கணக்கிட்டு ஆராய்ந்த முன்னோடிகள். முடிவுகளில் அவர்கள் தமக்குள் வேறுபடினும், குரலிலிருந்து இளி பிறக்கும் முறையே வாயில் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சிறு விலக்கு ஒன்றையும் இங்கே குறித்தல் தகும். தந்திக் கணக்கில் கைக்கிளை 71.1 சென்டிமீட்டரில் வந்தாலும், சுருதியோடு இணைந்து நிற்கும் பாடகர் குரல் ஏறத்தாழ 72 சென்டிமீட்டருக்குரிய இடத்தில் நிற்கவே விரும்பும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இவ்வேறுபாட்டைக் கணக்கு விட்டுக்கொடுக்காது, காது ஏற்காது. இசைநூலார் பலர் பக்கம் பக்கமாக வாதிட்டது இச்சிறு இடைவெளியைப் பற்றியே. கற்போர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சுருதியைக் கேட்டுக்கொண்டே பாடினால் அஃது உரிய இடத்திற்குத் தானே வந்து சேரும்.

பன்னிரண்டு கட்டங்கள்

சாதகக் கட்டம் பார்த்துப் பழகியவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பழைய இசைநூலாரும் பன்னிரு இராசிகளைக் கொண்டே சுரத்தானங்களைக் குறித்தனர். வட்டப்பாலை என்பது அது. அவர்கள் தொடங்கிய இராசி வேறாயினும், எளிமை கருதி ஈண்டு மேடத்தைக் குரல் என்று வைத்துக்கொள்ளலாம். தாளில் பன்னிரண்டு கட்டம் வரைந்து மேடத்தில் ச என்று எழுதுக. அதையும் சேர்த்து எண்ணி எட்டாம் வீடாகிய விருச்சிகத்தில் ப. விருச்சிகத்திலிருந்து எட்டாம் வீடு மிதுனம், அங்கே ரி. மிதுனத்திலிருந்து எட்டாவது மகரம், அங்கே த. மகரத்திலிருந்து எட்டாவது சிங்கம்; அங்கே க. சோதிடத்தில் எட்டாம் வீட்டைக் கண்டு கலங்குவோர் உண்டு. இசையிலோ நட்பெல்லாம் எட்டாம் வீட்டிலிருந்தே வருகிறது.

மோகனத்தின் ஐந்து வீடுகள் மேடம், மிதுனம், சிங்கம், விருச்சிகம், மகரம் என அமைந்தன. இனி வீடுகளை மாற்றவே வேண்டாம். குரல் என்னும் பெயரை மட்டும் மேடத்திலிருந்து எடுத்து மிதுனத்திற்குக் கொடுத்துப் பார்க்கலாம். அதாவது, இதுவரை ரி என்று பாடிய ஒலியை ச என்று கொண்டு, அங்கிருந்து அதே ஐந்து ஒலிகளைப் பாடவேண்டும். எழுவது மோகனம் அன்று, மத்தியமாவதி. சிங்கத்தைக் குரலாக்கினால் இந்தோளம். விருச்சிகத்தைக் குரலாக்கினால் சுத்த சாவேரி. மகரத்தைக் குரலாக்கினால் சுத்த தன்யாசி. ஒலிகள் அவையே, வீடுகள் அவையே. எந்த ஒலியை வீட்டுத்தலைவனாகக் கொண்டு மற்றவை நோக்கப்படுகின்றன என்பது ஒன்றே மாறியது. மோகனத்தின் மலர்ச்சி எங்கே, இந்தோளத்தின் ஆழ்ந்த உருக்கம் எங்கே! இரண்டும் ஒரே ஐந்து தந்திகளில் உறைகின்றன என்பதைப் புல்லாங்குழலிலோ ஆர்மோனியத்திலோ வாசித்துக் கேட்கும்வரை நம்புதல் அரிது.

இதனைப் பண்ணுப் பெயர்த்தல் என்றனர் பழந்தமிழர். கிரகபேதம் என்பர் இன்றைய சங்கீத வித்துவான்கள். இதனுள் கற்போர் தவறும் இடம் ஒன்று உண்டு. சுருதிப்பெட்டி மேடத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்க, சிங்கத்தை ச என்று வாயால் மட்டும் சொன்னால் இந்தோளம் வாராது, மோகனமே கேட்கும். மனம் எந்த ஒலியை இருப்பிடமாகக் கொள்கிறதோ அவ்வொலியே குரல். எனவே பயிற்சியின்போது சுருதியையும் புதிய குரலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாயவன் என்று மாதரி குரலைக் குறித்ததன் நயம் இவ்விடத்தில் புலப்படும். வட்டத்தில் நின்ற எழுவரும் எழுவராகவே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரை மாயவன் என்று கண்டவுடன், ஏனையோர் அவனைச் சுற்றிப் புதியதோர் ஒழுங்கில் அமைந்துவிடுகின்றனர்.

ஐந்தோடு நில்லாமல் ஏழுக்கும் இதனைக் காணலாம். மேடத்திலிருந்து பின்னோக்கி எட்டாம் வீடாகிய கன்னியில் உழையும், கன்னியிலிருந்து பின்னோக்கி எட்டாம் வீடாகிய கும்பத்தில் தாரமும் அமைத்தால் ஏழு சுரமும் நிறையும். அதுவே செம்பாலை, இன்று அரிகாம்போதி எனப்படுவது. அதன் துத்தம் குரலானால் படுமலைப்பாலை, இன்றைய நடபைரவி. உழை குரலானால் அரும்பாலை, அது சங்கராபரணம். இளி குரலானால் கோடிப்பாலை, அது கரகரப்பிரியா. விளரி குரலானால் விளரிப்பாலை, அது தோடி. தாரம் குரலானால் மேற்செம்பாலை, அது கல்யாணி. கச்சேரிகளில் மணிக்கணக்கில் விரிக்கப்படும் பேரிராகங்கள் பலவும் ஒரே வட்டத்தின் உடன்பிறப்புகள் என்பது இதனால் விளங்கும்.

கைக்கிளை குரலாகும் செவ்வழிப்பாலையை மட்டும் இங்கே விட்டதற்குக் காரணம் உண்டு. சிங்கத்திலிருந்து எட்டாம் வீடு மீனம். அங்கே சுரம் எதுவும் இல்லை. இளி இல்லாத குரல் அது. பலராமனைப் பிரிந்த கண்ணனைப் போல் அப்பாலை சற்றே நிலைகொள்ளாமல் நிற்கும். இன்றைய எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுள் அதற்கு இடமில்லை. மேளம் ஒவ்வொன்றிலும் பஞ்சமம் இருந்தே ஆகவேண்டும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் சதுர்தண்டி பிரகாசிகை இயற்றிய வேங்கடமகியின் முறை. பழந்தமிழ் முறை அதற்கும் ஒரு பெயர் வைத்து ஏழனுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கற்கும் முறை

இத்துணையும் அறிந்தபின் ஒருவர் பாடத் தொடங்கலாமா? மரபு அவ்வாறு தொடங்குவதில்லை. குழந்தைகளுக்குச் சரளிவரிசை மாயாமாளவகௌளையில் கற்பிக்கப்படுகிறது. விட்டலனின் அடியாராகிய புரந்தரதாசர் வகுத்த முறை அது என்பது வழிவழிச் செய்தி. மோகனம் போன்ற இனிய வரிசை இருக்க, ஏன் இதனைத் தேர்ந்தார்? கட்டத்தில் இட்டுப் பார்த்தால் காரணம் தோன்றும். மேடத்தில் ச, அடுத்த ரிடபத்திலேயே ரி. பின் இரண்டு வீடு தாண்டிச் சிங்கத்தில் க, அடுத்த கன்னியில் ம. மேற்பாதியும் அவ்வண்ணமே: விருச்சிகத்தில் ப, அடுத்த தனுசில் த, இரண்டு வீடு தாண்டி மீனத்தில் நி, அடுத்து மேல் ச. நெருங்கிய இடமும் அகன்ற இடமும் மாறிமாறி வருதலால் குழந்தையின் தொண்டை இரண்டிற்கும் ஒருசேரப் பழகும். கீழே கற்றது மேலே அப்படியே திரும்ப வருதலால் நினைவிற்கும் எளிது. சுர வரிசையைத் தாளில் எழுதி மனனம் செய்வதற்கு முன் காதிலும் கண்டத்திலும் பதிக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. முதிர்ந்தபின் கட்டம் வரைந்து கற்போருக்கும் இதே வழிதான். ஒரு நாளைக்கு ஒரு பெயர்ப்பு போதும். ஐந்தையும் ஒரே மாலையில் பாடிப் பார்ப்போர் ஐந்தையும் மறப்பர்.

இன்னொன்று, சுர வரிசை வேறு, பண் வேறு. மோகனத்தின் ஏறுவரிசை எதுவோ அதுவே பிலகரியின் ஏறுவரிசை. சுத்த சாவேரியின் ஏறுவரிசையே ஆரபிக்கும் உரியது. இறங்குவரிசையில் அவை வேறுபடுகின்றன. வேறுபாடு தோன்றும் முன்னரே, முதல் இரண்டு பிடிகளிலேயே இது பிலகரி, இது மோகனம் எனக் கேட்போர் கண்டுகொள்வதும் உண்டு. எந்தச் சுரத்தில் நிற்பது, எதனை அசைப்பது, எதனைத் தொட்டும் தொடாமலும் செல்வது என்பவை வரிசையில் எழுதப்படுவதில்லை. ஒருவர் ஊரின் தெருக்களையெல்லாம் வரைபடத்தில் அறிந்திருக்கலாம். எனினும் அவ்வூரார் எவ்வாறு பேசுவர் என்பதை அங்கே தங்கியவரே அறிவர். கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் நாதமுனிகள் தம் அருகில் வைத்துக் கற்பித்ததற்கும் இதுவே காரணமாதல் வேண்டும்.

பைரவி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நடபைரவியில் பிறந்த இராகம் என்று நூல் கூறும். ஆயினும் ஏறுமுகத்தில் நடபைரவிக்கு உரியதல்லாத உயர்ந்த தைவதம் அதில் வருகிறது. இறங்குமுகத்தில் தாழ்ந்த தைவதம் வருகிறது. கட்டத்தில் மகரமும் தனுசும் ஆகிய இரண்டிற்கும் உரிமை கொண்டாடுகிறது அவ்விராகம். கணக்கு இதற்குக் காரணம் சொல்லாது. தேவாரம் ஓதும் ஓதுவார் மரபில் கௌசிகம் என்னும் பண் பைரவியில் பாடப்பெறுகிறது. திருக்குறுங்குடியில் நம்பாடுவான் பாடிய கைசிகமும் அதுவே என்று கொள்வோர் பலர்.

நம்பாடுவான் வரலாறு வராக புராணத்தில் கைசிக மாகாத்மியமாக அமைந்தது. பராசர பட்டர் அதற்கு வியாக்கியானம் அருளினார். கார்த்திகை மாதத்துச் சுக்லபட்ச ஏகாதசி இரவில், கையில் வீணையோடு குறுங்குடி நம்பியைப் பாடச் சென்றவரை வழியில் ஒரு பிரமராட்சசன் பற்றினான். பாடிவிட்டு உனக்கே உணவாகத் திரும்புவேன் என்று அவர் சபதங்கள் பல செய்து விடைபெற்றார். பாடினார். திரும்பும் வழியில் முதியவர் ஒருவர், உயிரைக் காத்துக்கொள், அவ்வழி போகாதே என்று தடுத்தும் கேளாமல், சொன்ன சொல் தவறாது திரும்பினார். அவரை உண்ண மனமின்றி, பாடியதன் பலனைத் தருக என்று வேண்டினான் அரக்கன். பாடியவற்றின் பலன் முழுவதையும் கேட்டு, பின் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் கைசிகப் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பலனேனும் தருக என்று அடிபணிந்தான். அதனைத் தர, அரக்கன் சாபம் நீங்கினான். வேள்வியில் முறைதவறிய ஓர் அந்தணன் அவ்வுருவம் பெற்றிருந்தான் என்பதும், கோயிலுக்குள் செல்லும் உரிமை பெறாத குலத்தவர் அவனை விடுவித்தார் என்பதும் இக்கதையின் மையம். கைசிக ஏகாதசி இரவில் திருக்குறுங்குடிக் கோயிலில் நடிக்கப்பெறும் கைசிக நாடகம் நலிவுற்றிருந்த நிலையில், 1999-ஆம் ஆண்டில் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் எடுத்த முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. நாடகத்தைப் பார்ப்போர் கதையை மட்டுமன்றிப் பாட்டையும் கேட்டல் வேண்டும். அரக்கன் இரந்து நின்றது சுர வரிசை ஒன்றின் பலனையா? ஒருவர் தம் தொண்டையால் ஓர் இரவில் பாடி முடித்த பாட்டின் பலனையன்றோ?

மீண்டும் பதிகத்தின் தலைப்பிற்கு

இனிப் பழம்பதிப்பின் அச்சிறு வரியை நோக்கினால் அது முற்றும் ஊமையாக இராது. இந்தளம் என்ற பெயரைக் கண்டவுடன், ஓதுவார் மரபில் அதற்கு மாயாமாளவகௌளையைப் பாடுவர் என்பது நினைவிற்கு வரலாம். மாணவர் சரளிவரிசை பயின்ற அவ்வேழு வீடுகளே அவை. ஆனால் இங்கே அவசரம் ஆகாது. ஓதுவார்கள் காத்துவந்த இணைப்பெயர்கள் சைவத் திருமுறைக்கு உரியவை. அவற்றுள்ளும் காலப்போக்கில் மாற்றம் நேர்ந்துள்ளது. அதே பெயர் அருளிச்செயலில் அதே இசையைக் குறித்ததா என்பதைப் பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டு துணிதல் இயலாது. முதிர்ந்த குறிஞ்சி என்பதில் உள்ள முதிர்ந்த என்னும் அடைமொழி எதனைச் சுட்டியது என்பதற்கும் பெயரே விடையாகாது. இன்று குறிஞ்சி என்ற பெயரால் வழங்கும் இராகத்தைப் பிடித்துக்கொண்டு நாதமுனிகளின் தேவகானத்தை மீட்டுவிட்டதாகக் கூறுவோரை எச்சரிக்கையோடு அணுகுவதே நலம்.

அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதிற்கும் இராகம் அமைத்து, மார்கழி விடியலை இசைமயமாக்கினார். எண்ணற்ற இல்லங்களில் அம்மெட்டுகளே ஒலிக்கின்றன. போற்றத்தக்க தொண்டு அது. எனினும் அவை அவருடைய ஆக்கம்; பழம்பண்களின் மீட்பன்று. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதால் அவருடைய பெருமைக்கும் குறைவில்லை, இழந்ததன் அளவும் மறைவதில்லை. அரையர் ஸேவையில் எஞ்சி நிற்கும் இசைக்கூறுகளைத் தாளத்தோடும் அபிநயத்தோடும் முழுமையாகப் பதிவு செய்து, அரையர் குடும்பத்து இளைஞர் அதனை வாழ்க்கையாகக் கொள்ள வழி செய்தல் இன்று ஆற்றவேண்டிய பணி. பாடுவோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளாத இசையைப் பின்னர் எந்த ஏட்டிலும் தேடிப் பெற இயலாது.

இவ்விழாவிற்கு எழுந்தருளியிருக்கும் அன்பர்கள் இப்பாடத்தை இன்றிரவே தொடங்கலாம். பெருமாள் புறப்பாட்டில் நாதசுரத்தார் முதலில் வாசிப்பது மல்லாரி. அது கம்பீரநாட்டையில் அமைந்தது. அதன் வீடுகள் மேடம், சிங்கம், கன்னி, விருச்சிகம், மீனம். துத்தமும் விளரியும் அதில் இல்லை. பின்னையை உள்ளே விட்டுவிட்டு, தமையனோடு மட்டும் வீதிக்குக் கிளம்பிய மாயவனின் நடை அதில் கேட்கும். மிடுக்கு அங்ஙனம் வந்ததே. திருவீதி வலம் வந்து பெருமாள் ஆஸ்தானம் திரும்பும் வேளையில் வாசிப்பது மாறும். விடுபட்ட சுரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். எது வந்தது என்பதைக் கட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். குழந்தைகளை உடன் அழைத்து வந்தோர் அவர்களைக் கொண்டே எண்ணச் செய்யலாம். பெரியோரினும் விரைவாக அவர்கள் காது பிடித்துவிடும்.

நாதசுரத்தின் ஓட்டத்தில் மயங்கிச் சுரம் பிடிபடாதோர் சற்றே பின்னால் நகர்ந்து, தவிலுக்கும் அப்பால் நிற்பவரைத் தேட வேண்டும். முன்பெல்லாம் ஒருவர் கன்னம் உப்ப ஒத்து ஊதிக்கொண்டு வருவார். இன்று பல இடங்களில் அவ்விடத்தைச் சுருதிப்பெட்டி பெற்றுவிட்டது. கருவி எதுவாயினும், புறப்பாடு தொடங்கியது முதல் தீபாராதனை வரை மாறாமல், ஏறாமல், இறங்காமல் ஒலிக்கும் ஒரே ஒலி அதில் உண்டு. வாயை மூடி அதனோடு மெல்ல முனகிப் பார்க்க. அதுவே குரல்.